ஞாயிற்றுக்கிழமை மாத்திரை: மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமேசுவரம் தீவிலும் மண்டபம் கரையிலும் மெடிக்கல் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாகச் சோரியாசிஸ். தோலில் தொடங்கி விரல் மூட்டுக்கும் வந்துவிட்டது. காலையில் ஷட்டரைத் தூக்கத் தம்பிதான் வர வேண்டும். கொரோனா நேரத்தில் என் புறங்கைச் செதிலைப் பார்த்தவர்கள் சில்லறையைக் கையில் வாங்கவில்லை, மேசையில் வைக்கச் சொன்னார்கள். இது ஒட்டுகிற நோயே இல்லை. சானிடைசர் வெடிப்புக்குள் இறங்கினால் எப்படி எரியும் என்பது கருவாட்டுக்கு உப்புப் போடும் கைகளுக்குத் தெரியும். அது போகட்டும், உங்களிடம் சொல்ல வந்தது வேறு.

இதற்கு நான் விழுங்குவது மெத்தோட்ரெக்சேட், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கிற மாத்திரை. வாரத்துக்கு ஒரே நாள், ஞாயிறு. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது அட்டையில் இரண்டு ஞாயிறுக்குத்தான் மாத்திரை இருந்தது. மதுரைக்குப் பஸ் இல்லை. டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். "காய்ச்சல் இல்லாதவரை நீங்களா நிறுத்தாதீங்க, தொற்று வந்தா உடனே கூப்பிடுங்க" என்று சொல்லி, சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போனில் பேசி மருந்து எழுதித் தரலாம் என்று மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டதும் அதே மார்ச் 25தான். நான் போன கடையில் "போன்ல இருக்கற சீட்டு செல்லாது" என்றார்கள். சரி என்று திரும்பினேன். கடைக்காரர்களே என்னைத் திரும்பக் கூப்பிட்டு, சீட்டே கேட்காமல், "அரிப்புக்கு இதைப் போடுங்க" என்று வேறொரு மாத்திரையைக் கொடுத்தார்கள்.

ஸ்டீராய்டு. நாலே நாளில் தோல் பளபளத்தது. கடைக்காரரைக் கும்பிடத் தோன்றியது. மூன்று வாரத்தில் தீர்ந்தது, நிறுத்தினேன். அடுத்த பத்து நாளில் முதுகெல்லாம் சிவந்து சீழ்க்கொப்புளம். பாயில் சாய முடியாமல் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தே தூங்கினேன். சோரியாசிஸ்காரர் ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று விட்டால் இப்படி ஆகலாம் என்பது தோல் டாக்டர்களுக்குப் பழைய செய்தி. (அப்போது கொரோனாவுக்கென்று ஊரே தேடிய மலேரியா மாத்திரை ஹைட்ராக்சிகுளோரோகுயினும் எங்களில் சிலருக்கு நோயைக் கிளறிவிடும். நல்லவேளை, அது எனக்குக் கிடைக்கவில்லை.)

இன்னொரு தொற்று வந்தால், எங்கள் மாத்திரை இல்லையென்றால் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். பதிலுக்கு ஒன்று தராதீர்கள். இருந்தால், எந்தக் கிழமை என்று கவரில் எழுதிக் கொடுங்கள். காலை, இரவு என்று கோடு போட்டே பழகிய கை உங்களுடையது. மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போகலாம்.

ஏழு நாள் பெயரும் அச்சடித்த கவர் என் கடையில் போட்டுத் தருகிறேன். ஒன்றை வட்டமிட்டால் போதும். காசு வேண்டாம்.