அப்டேட் ஓடும்போது மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான நாள் முதல் கல்லூரிச் சேர்க்கை முடியும் வரை, நம் மாவட்டத்தின் இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்காகப் பெற்றோரும் பிள்ளைகளும் காலை முதல் காத்திருக்கிறார்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கும் வேளையில், விண்டோஸில் இயங்கும் அங்குள்ள ஒரே கணினி, 'அப்டேட் நடைபெறுகிறது, கணினியை அணைக்க வேண்டாம்' என்ற அறிவிப்போடு முப்பது சதவீதத்தில் அசையாமல் நின்றுவிட்டால், அங்கே இருப்பவர்களுக்கு ஏற்படும் பதற்றத்தை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பதற்றத்தில் யாராவது ஒருவர் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுகிறார். மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் கணினிப் பழுது நீக்கும் தொழிலைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: அப்டேட் தானாக நின்றுபோய்க் கெட்ட கணினிகளைவிட, நின்றுவிட்டது என்று எண்ணி மின்சாரத்தைத் துண்டித்ததால் கெட்ட கணினிகளே என்னிடம் அதிகமாக வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கெடாமல் காப்பாற்றியிருக்க முடியும் என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

திரையில் தெரியும் சதவீதத்தைப் பார்த்து, முப்பது சதவீதம் பத்து நிமிடத்தில் முடிந்ததால் மீதி இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். அந்த எண் முடிந்துபோன வேலைகளின் அளவைக் குறிக்கிறதே தவிர, இனி ஆகும் நேரத்தைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை. பழைய கோப்புகளை ஒதுக்கிவைத்து, புதிய கோப்புகளை அவற்றின் இடத்தில் அமர்த்தி, ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் அதற்கேற்ற மாற்றங்களை எழுதுவது வரை அந்த வேளையில் நடக்கும் வேலைகளில் சில நொடியில் முடியும். சிலவற்றுக்கு அரை மணி நேரமும் ஆகும். எஸ்.எஸ்.டி. பொருத்திய கணினியில் சில நிமிடங்களில் முடிகிற அதே அப்டேட், சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்வது இயல்பு. நம் ஊர்க் கடைகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பவற்றில் பழைய ஹார்டு டிஸ்க் கணினிகள் நிறைய உண்டு.

நின்றுவிட்டதா, மெதுவாக ஓடுகிறதா என்பதை அறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. சி.பி.யு. பெட்டியின் முன்புறம், டிஸ்க் இயங்குவதைக் காட்டும் சிறு விளக்கு அவ்வப்போது மின்னிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். அந்த விளக்கு இல்லாத மடிக்கணினியில் டிஸ்க்கின் ஓசையையும் விசிறியின் சுழற்சியையும் கவனிக்கலாம். மாதந்தோறும் வரும் பாதுகாப்பு அப்டேட்டாக இருந்தால் இரண்டு மணி நேரமாவது பொறுத்திருப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றமாக இருந்தால் ஓர் இரவு முழுவதும் விட்டுவைப்பதும் என் வழக்கம். கடையில் ஆள் காத்திருக்கும்போது இரண்டு மணி நேரம் என்பது பெரிய விலைதான். ஆனால், சுவிட்சை அணைத்தபின் அந்தக் கணினி பழுது நீக்குபவரின் மேசையில் கிடக்கப்போகும் நாட்களோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அவ்வளவு நேரம் கழிந்தும் விளக்கு மின்னவில்லை, எண்ணும் மாறவில்லை என்றால் மட்டுமே கைவைக்கலாம். முதலில் பென் டிரைவ், பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் என வெளியிலிருந்து செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இவற்றில் ஒன்றின் டிரைவர் மென்பொருளே தடையாக இருப்பதுண்டு. பிறகு பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்து, மீண்டும் இயக்க வேண்டும். பெரும்பாலான கணினிகள் அப்போது, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக ஓர் அறிவிப்பைக் காட்டும். பாதியில் நின்ற வேலையை விண்டோஸ் தானே பின்னோக்கிக் கழற்றி, பழைய நிலைக்குத் திரும்ப முயலும் நேரம் இது. முன்னோக்கிச் சென்றதைவிட நீண்ட நேரத்தை அது எடுத்துக்கொள்ளக்கூடும். இந்த வேளையில் பொறுமை இழந்து இரண்டாவது முறையும் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் மிகுந்த சேதத்தை உண்டாக்குகிறது என்பது என் அனுபவம்.

திரும்பவும் இயங்க மறுக்கும் கணினியும் அழிந்துபோனதாகக் கொள்ள வேண்டியதில்லை. தொடக்கம் சில முறை அடுத்தடுத்துத் தோல்வியடைந்தால் விண்டோஸ் தானாகவே பழுதுநீக்கத் திரையைத் திறக்கும். அதன் மேம்பட்ட தேர்வுகளில், கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் நீக்கும் வசதி இருக்கிறது. பல கணினிகள் இந்த ஒரே படியில் மீண்டுவிடும். இன்றியமையாத மென்பொருள்களோடு மட்டும் விண்டோஸ் இயங்கும் சேஃப் மோடில் நுழைய முடிந்தால், விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்திவிட்டு, விண்டோஸ் கோப்புறைக்குள் 'சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றிவிட வேண்டும். தரவிறக்கிய துண்டுகள் சேர்ந்திருக்கும் இடம் அது. அவற்றில் ஒன்று சிதைந்திருந்தால், எத்தனை முறை முயன்றாலும் அதே சதவீதத்தில்தான் நிற்கும். பெயரை மாற்றியபின் விண்டோஸ் புதிய கோப்புறையை உருவாக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தரவிறக்கிக்கொள்ளும். கணினிக் கோப்புகளே சிதைந்திருந்தால் அவற்றைச் சரிபார்த்துச் சீராக்கும் சிஸ்டம் ஃபைல் செக்கர், டிஸ்ம் ஆகிய கருவிகள் விண்டோஸிலேயே இருக்கின்றன. சி டிரைவ் நிறைந்திருப்பதும் அப்டேட் நிற்பதற்கு ஒரு பெரிய காரணம். பதிப்பு மாற்றத்துக்கு ஏறத்தாழ 20 ஜி.பி. காலி இடம் வேண்டும்.

இந்தப் படிகள் எதையும் செய்து பார்க்காமல், கணினி வந்தவுடனேயே ஃபார்மட் செய்துவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் பரவியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஃபார்மட் செய்தால் ஒரு மணி நேரத்தில் கணினியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால், டி.டி.பி. வேலை செய்யும் ஒரு கடையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கல்யாண அழைப்பிதழ் மாதிரிகளும், ஆலயத் திருவிழா நோட்டீஸ்களும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளும் அந்த ஒரு மணி நேரத்தில் போய்விடுகின்றன. ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் பற்றுவரவுக் கணக்கும், சுய உதவிக் குழுவின் கடன் பதிவேடும் அதே வழியில் மறைகின்றன. கணினி இயங்காத நிலையிலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தோ, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து இயக்கியோ கோப்புகளைப் பெரும்பாலும் எடுத்துவிட முடியும். எனவே, பழுதுக்குக் கொடுக்கும் எவரும், கோப்புகளை எடுத்து வைத்துவிட்டீர்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பின்னரே ஃபார்மட் செய்யச் சம்மதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அண்மையில் வாங்கிய மடிக்கணினிகளில், கோப்புகளை எடுக்கும் இந்த வழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவற்றில் பலவற்றின் டிஸ்க் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டே வருகிறது. அப்டேட்டுக்குப் பிறகு, குறிப்பாகக் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரல் மாறிய பிறகு, கணினி 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் வழக்கமாக உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால், விற்பனை செய்யும் கடையிலேயே அவசரத்தில் யாரோ ஒருவரின் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்துக் கணக்கைத் தொடங்கிவிடுவதால், பிள்ளைகளுக்குத் தங்கள் கணக்கு எது என்பதே தெரிவதில்லை. அந்த எண் இல்லாமல் டிஸ்க்கில் இருப்பதை என்னைப் போன்றவர்கள் மட்டுமல்ல, எவராலும் மீட்டுத் தர முடியாது. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கித் தரும் பெற்றோர், கடையை விட்டு இறங்கும் முன்பே பிள்ளையின் சொந்தக் கணக்கில் அதைப் பதிவு செய்து, மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி, நிலப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு தொல்லை என்றால் அப்டேட்டையே நிறுத்திவிடுங்கள் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. சிலர் அப்படிச் செய்தும் கொடுக்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியாகியிருந்தது. அதைப் பெறாத கணினிகளே சிக்கின. நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களில் ஊராட்சி அலுவலகக் கணினிகளும் அதற்கு இரையாயின. பொதுமக்களின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் நாள்தோறும் கையாளும் கணினியில் அப்டேட்டை நிறுத்திவைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு தேவை என்பதால், அது இல்லாத பழைய கணினிகளில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறார்கள். அப்படி ஏற்றியவை பின்னர் வரும் பெரிய அப்டேட்டுகளில் நின்றுபோவதை இப்போது அதிகம் பார்க்கிறேன். அத்தகைய கணினியில் லினக்ஸை நிறுவிக்கொள்வது நல்லது. அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸ் வகையும் இருந்ததால், அது நம் பிள்ளைகளுக்கு முற்றிலும் புதியதும் அல்ல.

இனி, அப்டேட் பாதியில் நிற்பதற்கு நம் மாவட்டத்துக்கே உரிய காரணத்துக்கு வருகிறேன். விண்டோஸின் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி காலை 10 மணிக்கு வெளியிடப்படுகிறது. நமக்கு அது இரவு பத்தரை மணி. அவர்களின் குளிர்காலத்தில் பதினொன்றரை மணி. அதனால் மறுநாள் புதன்கிழமை காலையில் கடை திறந்து கணினியை இயக்கியவுடன், அதுவும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்தால் அன்றைய டேட்டா முழுவதையும் விழுங்கிக்கொண்டு, தரவிறக்கம் தொடங்குகிறது. இடவப்பாதி மழையில் ரப்பர் மரக்கிளை கம்பியில் விழுந்தும், ஐப்பசி மாதத்துப் பிற்பகல் இடியிலும் மின்சாரம் போகாத நாள் நம் மேற்குப் பகுதிகளில் அரிது. இவற்றோடு, துணை மின் நிலையங்களின் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் நேரத்தில் மின்சாரம் நிறுத்தப்படும் நாளும் அந்த வாரத்திலேயே அமைந்துவிட்டால், அப்டேட் பாதியில் துண்டிக்கப்படுகிறது. ஒக்கி புயலுக்குப் பின் பல நாட்கள் இருளில் கிடந்த ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி, நிலையில்லாமல் வந்து வந்து போன நாட்களில் இதே காரணத்தால் கெட்ட கணினிகளை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். பேட்டரி தேய்ந்துபோன யு.பி.எஸ். சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது.

ஆகவே, தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். தாங்கள் ஊர்ப் பெயர்களோடு வெளியிடும் மின்தடை அறிவிப்பை இம்மாவட்டத்தில் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தவறாமல் படிக்கிறார்கள். இரண்டாவது செவ்வாய்க்கு முந்தைய திங்கட்கிழமை இதழில், அந்த அறிவிப்பின் கீழேயே அம்மாத அப்டேட் நாளையும் இரண்டு வரிகளில் அச்சிட்டால் மிகவும் உதவியாக இருக்கும். நம் கணினிகளில் அப்டேட் தொடங்கும் புதன்கிழமை எப்போதும் மாதத்தின் இரண்டாவது புதனாக வராது என்பதையும் கவனிக்க வேண்டும்: 2026 ஜூனில் 10-ஆம் தேதி வருவது, மாதம் புதன்கிழமையில் தொடங்கும் ஜூலையில் மூன்றாவது புதனான 15-ஆம் தேதிக்குப் போய்விடுகிறது. அன்று மின்தடை உள்ள ஊர்களில் அப்டேட்டை ஒரு வாரம் தள்ளிவைக்குமாறு அதில் சேர்த்துச் சொல்லலாம். விண்டோஸ் அமைப்புகளிலேயே 35 நாட்கள் வரை தள்ளிவைக்க வசதி இருக்கிறது. கணினி தானாக மறுதொடக்கம் செய்யக்கூடாத வேலை நேரத்தையும் 18 மணி நேரம் வரை குறித்துவைக்கலாம்.

மாவட்ட நிர்வாகமும் சேர்க்கைக் காலம் தொடங்கும் முன்பே இ-சேவை மையங்களுக்கு இதை ஓர் அறிவுறுத்தலாக அனுப்பி, மையத்துக்கு ஒரு யு.பி.எஸ்.ஸாவது நல்ல பேட்டரியோடு இருப்பதை உறுதி செய்யுமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பழுது நீக்குபவர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.