சுமந்து வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்துகொண்டே சபையாரைவிட அதிகமாக எனக்காக அலைந்த ஊர்க்காரர்களுக்கும் தோத்திரம்.

இந்த மடல் ரொம்பத் தாமதம்தான். போன ஸ்தோத்திரப் பண்டிகையிலேயே நம் சபைப் போதகர் ஐயர் மைக்கில் என் பெயரைச் சொல்லி "எழுந்து வந்து சாட்சி சொல்லுங்க" என்று கூப்பிட்டுவிட்டு, வீல்சேரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். கோவிலே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் மைக் கைக்கு வந்ததும் நாலு வார்த்தை கோர்வையாக வரவில்லை. அதனால்தான் எழுத்தில். யார் பெயரையும் போடவில்லை. ஒருவர் பெயரைப் போட்டு இன்னொருவரை விட்டுவிட்டால் அடுத்த அசன விருந்தில் நம் இலைக்குக் கறி வராது என்று வீட்டில் எச்சரிக்கை வந்திருக்கிறது. அவரவருக்கு அவரவர் செய்தது தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நான் நாசரேத் பக்கத்துக்காரன், பெயின்டர். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் எங்கள் பக்கம் கையில் பிரஷ் பிடிக்கத் தெரிந்த யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அப்படி ஒரு மாடி வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் சாரத்தில் ஒரு சவுக்குக் கம்பு முறிந்து நான் தரைக்கு வந்தேன். முதுகெலும்பில் எல்1 என்கிற கணு நொறுங்கி, தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாமல் போனது.

முதல் நன்றி அன்றைக்கு அங்கே பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் ஐயாவுக்கு. ஒருவன் விழுந்தால் நாலு பேர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தப் பார்ப்பதுதானே நம் வழக்கம். அப்படித்தான் ஓடிவந்தார்கள். "ஒருத்தனும் தொடாதீங்கடே" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சாரப்பலகையை இறக்கச் சொல்லி, தலை, தோள், இடுப்பு, கால் என்று ஆளுக்கு ஓரிடம் பிடிக்கவைத்து, அவர் ஒன்று இரண்டு மூன்று சொல்ல, எல்லாரும் ஒரே நேரத்தில் என்னை உருட்டிப் பலகையில் ஏற்றினார்கள். 108 வண்டி வரும்வரை தலைக்கு இரண்டு பக்கமும் துண்டு சுற்றிய செங்கல்லை வைத்துக் கழுத்து ஆடாமல் பார்த்துக்கொண்டு வெயிலில் மண்டியிட்டிருந்தார். முதுகெலும்பு முறிந்தவனை வளைத்துத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டுபோனால் மிச்சமிருக்கிற தண்டுவடமும் போய்விடும் என்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கியபோதுதான் அந்தச் சத்தத்தின் விலை எனக்குத் தெரிந்தது. ஐயா, நீங்கள் கோவிலுக்கு வருகிறவர் இல்லை. ஆனால் என் ஜெபத்தில் உங்களுக்கு ஓர் இடம் உண்டு, அதை யாரும் மாற்ற முடியாது.

ஆபரேஷன் முடிந்து கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உண்மையான பாடு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்பு அழுத்துகிற இடத்தில் இரத்த ஓட்டம் நின்று படுக்கைப்புண் வந்துவிடும், வலி தெரியாது என்பதால் புண் வந்ததே தெரியாது. அதனால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். பகலில் சரி. இரவில்? 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணி என்று என் மனைவி போனில் அலாரம் வைத்து எழுந்து, தன்னைவிட இரண்டு மடங்கு கனமான ஆளைப் புரட்டி, முழங்காலுக்கு இடையில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, மறுபடி அலாரம் வைப்பாள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எத்தனை நாள் ஒரு மனுஷி இப்படி இருப்பாள்?

ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் கண்ணைமூடி ஜெபித்துக்கொண்டிருக்க, அவள் உட்கார்ந்தபடியே தூங்கிச் சுவரில் முட்டிக்கொண்டாள். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் மட்டும் அதைப் பார்த்திருக்கிறார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வாலிபர் சங்கத்துப் பையன்களைப் பிடித்து, கிழமைக்கு இரண்டு பேர் என்று ஒரு நோட்டில் எழுதி, எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிட்டார். தம்பிமாரே, உங்களில் பாதிப் பேர் அதுவரை என்னிடம் வணக்கம்கூடச் சொன்னதில்லை. திண்ணையில் உட்கார்ந்து சிஎஸ்கே-வுக்காக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருப்பீர்கள், 2 மணி ஆனதும் சத்தமில்லாமல் உள்ளே வந்து, "அண்ணே, திருப்புதோம்" என்று சொல்லிவிட்டுத் திருப்பி, போய்விடுவீர்கள். நீங்கள் வந்த முதல் நாள் ராத்திரி என் மனைவி விடியும்வரை அசையாமல் தூங்கினாள். நான் தூங்கவில்லை, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இளைப்பாறுதல் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அது எங்கள் வீட்டுக்குள் வந்தது உங்கள் மூலமாகத்தான்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வெளியூரிலிருந்து ஜெபிக்க வந்தவர்களில் ஒருவர், "எழுந்திரு, உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட" என்று சொல்லி என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். கம்பி வைத்த முதுகு. நான் எழும்பவில்லை என்றதும், வீட்டில் மறைந்திருக்கிற பாவம் ஏதோ இருக்கிறது, இல்லாவிட்டால் விசுவாசம் போதவில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் யார் என்பது இங்கே தேவையில்லை, அவர் நல்லெண்ணத்தோடுதான் வந்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் விழுந்தபோது உடையாதது ஒன்று எனக்குள் அன்றைக்கு உடைந்தது. அப்புறம் பல மாதம் வேதத்தைத் திறக்கவில்லை. ஜெபக்குழு வரும் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். ஆண்டவரே என்று கூப்பிட வாய் வராது.

அந்த நாட்களில் ரிட்டயர்டு ஆன நம் பழைய உபதேசியார் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவார். வந்தால் ஜெபிக்கட்டுமா என்று கேட்கமாட்டார். சட்டைப்பையில் நகவெட்டி வைத்திருப்பார், என் கால் நகத்தை ஒவ்வொன்றாக வெட்டிவிடுவார். உணர்ச்சியில்லாத காலில் நகம் வெட்டுவது லேசான காரியம் இல்லை, சதை போனாலும் எனக்குத் தெரியாது. அதனால் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஒரு விரலுக்கு ஐந்து நிமிஷம் எடுப்பார். ஒருநாள் வெட்டிக்கொண்டே, கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட, கைகால் விளங்காத திமிர்வாதக்காரன் கதையை எடுத்தார், மாற்கு 2-ஆம் அதிகாரம். ஓய்வுநாள் பள்ளியில் படம் ஒட்டிப் படித்த கதைதான். அவர் கேட்ட கேள்வி மட்டும் புதுசு. "அந்தப் படுக்கையில கெடந்தவன் என்ன சொன்னான், சொல்லு பாப்போம்?"

யோசித்துப் பார்த்தால் அவன் ஒன்றுமே சொல்லவில்லை. நம்பினானா, சந்தேகப்பட்டானா, "கூட்டமா இருக்கு, வீட்டுக்கே போயிருவோம்டே" என்று முனகினானா, மாற்கு எழுதவில்லை. "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறது. தூக்கிக்கொண்டு வந்த நாலு பேர், அடுத்தவன் வீட்டுக் கூரையைப் பிய்க்கிற அளவுக்குத் துணிந்த நாலு பேர். அவனையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது என்று வேதசாஸ்திரம் படித்தவர்கள் வாதாடலாம், வாதாடட்டும். உபதேசியார் எனக்குச் சொன்னது இதுதான்: "ஒனக்கு இப்ப விசுவாசம் இல்லன்னா பரவாயில்ல தம்பி. அத நாங்க பாத்துக்கிடுதோம். நீ கொஞ்ச நாள் சும்மா படுத்திரு."

சும்மா படுத்திரு என்று எனக்கு அதுவரை யாரும் அனுமதி கொடுத்ததில்லை. எல்லாரும் எழும்பு, தைரியமாயிரு, சோர்ந்துபோகாதே என்றுதான் சொன்னார்கள். அப்புறம் நானாகத் தேடி வாசித்தது எலியா தீர்க்கதரிசியின் கதை. சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்டவனுக்குத் தேவதூதன் ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான், அதற்கும் திட்டு விழவில்லை, இரண்டாம் தரமும் சாப்பாடுதான். எங்கள் வீட்டுக்கு முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அக்காமாரே, என் வயிறு எளிதில் இளகாது என்று தெரிந்து கீரையும் பப்பாளியும் தேடிப்பிடித்து வந்தீர்களே, உங்களுக்கும் இந்த அதிகாரத்தில் பங்கு உண்டு.

வேலூர் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே இருக்கிற சிஎம்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று முதலில் சொன்னது நம் சபைச் சேகரத்து கமிட்டி, பணத்தில் பெரும்பங்கு போட்டது துபாயில் இருக்கிற என் பள்ளிக்கூடக் கூட்டாளிகள், காட்பாடி வரை ரயிலில் என்னோடு கீழே துண்டு விரித்துப் படுத்து வந்தது என் மச்சினன். வேலூர் பாகாயத்தில் இருக்கிற சிஎம்சியின் மறுவாழ்வு மையம் டாக்டர் மேரி வர்கீஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த அம்மா கேரளத்துக்காரர், வேலூரிலேயே டாக்டருக்குப் படித்தவர். 1954-ல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு எங்களைப் போலவே ஆகிவிட்டார். அதற்குப் பிறகு, அங்கே தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் கொடுத்த ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். அந்த மையம் 1966-ல் வந்தது. 1972-ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரும் சுகமாகி நடக்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா?

அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்தவை கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். வீல்சேரில் இருக்கும்போது அடிக்கடி இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி "லிஃப்ட்" எடுக்க வேண்டும். தினமும் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியால் முதுகு, பிட்டம், குதிகால் எல்லாம் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீருக்குக் குறித்த நேரத்தில் நானே டியூப் போட்டு எடுக்க வேண்டும். இரவில் நானே திரும்பிப் படுக்கவும் பழகினேன், அதனால் திண்ணைப் பையன்களுக்கு லீவு கிடைத்தது. இதையெல்லாம்விட, விழுவதற்கே பயிற்சி கொடுத்தார்கள்! தரையில் மெத்தை போட்டு, வீல்சேரிலிருந்து கீழே இறங்கி, மறுபடி கையை ஊன்றி ஏறப் பழக வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருந்த வங்காளத்துப் பையன் இதில் கெட்டிக்காரன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. நான் பாதி ஏறிச் சறுக்கி விழுந்தால் அவன் கைதட்டிச் சிரிப்பான், நான் திட்டுவேன், அப்புறம் சக்கரத்தின் பக்கம் கையை எங்கே வைக்க வேண்டும் என்று தொட்டுக் காட்டுவான். "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்" என்ற நீதிமொழியை அந்த மெத்தையில் இருந்துகொண்டு நினைத்தபோது, ஏழுதரமும் விழுவான் என்பதை வேதம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது என்று இருந்தது. அதற்காக அவனை நீதிமான் பட்டியலிலிருந்து எடுத்துவிடவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு வேலை கொடுத்த பெயின்ட் கடை அண்ணாச்சிக்கு நன்றி. கலர் கலக்கிற மெஷினில் உட்காரவைத்திருக்கிறார். எந்தச் சுவருக்கு எந்த நிறம் ஒரு வருஷத்தில் வெளிறும் என்று எனக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியாது, எனவே சம்பளம் தர்மத்துக்கு இல்லை, அதையும் சொல்லிக்கொள்கிறேன். வாசலில் அவர் முதலில் கட்டிய சாய்தளம் ஒரே செங்குத்து, நான் ஏறினால் பின்பக்கமாக மல்லாந்து போவேன். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்றேன். "இது கடையா விமான நிலையமா" என்று முனகிக்கொண்டே இடித்துக் கட்டினார். கோவில் பக்கவாசலில் கமிட்டி கட்டிய சாய்தளத்துக்கும் அதே அளவைத்தான் கொடுத்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும், மாதம் 2000 ரூபாய் உதவித்தொகைக்கும் கலெக்டர் ஆபீஸுக்கு என் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அலைந்த பக்கத்து வீட்டு பாய், உங்களுக்கு வாயால் நன்றி சொன்னால் பிடிக்காது, அதனால் இங்கே எழுதி மாட்டிவிடுகிறேன். திருவிருந்து நேரத்தில் எனக்காகப் படியிறங்கி வருகிற ஐயருக்கும் நன்றி.

நடப்பீர்களா என்று இன்னும் கேட்கிறார்கள். தெரியாது. அதற்காக ஜெபிக்கிறவர்கள் ஜெபியுங்கள், தடுக்கவில்லை. நான் அதை நினைத்து ராத்திரி முழித்துக் கிடப்பது நின்றுவிட்டது. ஜெபம் திரும்ப வந்தது எந்த நாள் என்று கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஒருநாள் லிஃப்ட் எடுக்கும்போது எண்ணுவதற்குப் பதிலாக "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு காரியம். சாத்தான்குளம் போகிற வழியில் ஒரு ஊரில் பனையேறுகிற தம்பி ஒருவர் இந்தப் பதநீர் சீசனில் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. வீட்டில் அம்மா மட்டும்தான், வயதானவர், அவரால் புரட்ட முடியாது. நம் பழைய திண்ணைப் பையன்களில் சிலர் போக ஆரம்பித்திருக்கிறார்கள். எப்படித் திருப்புவது, தலையணை எங்கே வைப்பது என்று நான் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். செவ்வாயும் வியாழனும் இரவுக்கு ஆள் இல்லை. பைக் இருக்கிறவர்கள் யாராவது பெயர் கொடுங்கள், நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது, காலை 9 மணியிலிருந்து கடையில் இருப்பேன்.