சூடேறியபின் நின்றுபோகும் புல்வெட்டி

ஆசிரியருக்கு,

ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி அரை மணித்தியாலம் ஓடியபின் நின்றுவிடுகிறது என்று கேட்ட வாசகருக்கு, உங்கள் வீட்டுப் பராமரிப்புப் பகுதி “காபரேற்றரை (பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) மாற்றுங்கள்” என்று மட்டும் விடை தந்திருந்தது. இந்த விடையால் பலர் வீண் செலவு செய்வார்கள். காபரேற்றரில் அழுக்கு அடைத்திருந்தால் பெரும்பாலும் ஸ்டார்ட் பண்ணும்போதே எஞ்சின் தடுமாறும். நன்றாக ஓடி, சூடேறி நின்று, ஆறியதும் திரும்ப ஓடுகிறது என்றால் முதலில் வேறு இடங்களைப் பார்க்க வேண்டும்.

நிற்கும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடும். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் ஸ்பார்க், அதாவது பெற்றோலைப் பற்றவைக்கும் பொறி, போய்விட்டது. திக்கித் திணறி நின்றால் பெற்றோல் போதவில்லை. திணறும்போது, காற்றைக் குறைக்கும் சோக்கைச் சற்று இழுத்ததும் எஞ்சின் தேறினால் பெற்றோல் குறைவு உறுதி.

அப்படியானால் பெற்றோல் தாங்கியின் மூடியில் தொடங்குங்கள். பெற்றோல் குறையக் குறைய உள்ளே காற்று போக மூடியில் நுண்துளை உண்டு. அது அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி பெற்றோல் இறங்காது. நின்ற கையோடு மூடியைத் தளர்த்துங்கள். காற்று உள்ளிழுபடும் சத்தம் கேட்டு, எஞ்சினும் உடனே ஸ்டார்ட் ஆனால் புது மூடி போதும். இல்லையேல் பில்டர், தாங்கியின் அடிவாய், குழாய் என்று வரிசையாகப் பாருங்கள். எத்தனோல் கலந்த பெற்றோலில் பழைய ரப்பர் குழாய்கள் உட்புறமாக உரிந்து அடைத்துக்கொள்வதுண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. பில்டரின் அம்புக்குறி காபரேற்றர் பக்கம் இருக்க வேண்டும். குழாய் சைலென்சரைத் தொட்டுக்கொண்டு போனால் உள்ளே பெற்றோல் ஆவியாகி ஓட்டம் தடைப்படும். இவற்றில் எதையும் எஞ்சின் ஆறியபின்பே கழற்றுங்கள்.

காபரேற்றரின் அடியில் 12 வோல்ற் சோலனொயிட் (மின்சாரம் இருந்தால் மட்டும் பெற்றோலை விடும் வால்வு) உள்ள மாடல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. சார்ஜ் ஏறாவிட்டால், வெட்டுக்கத்தியை எஞ்சினோடு இணைக்கும் மின் கிளச் பற்றறியை உறிஞ்சிவிடும், சோலனொயிட் மூடிக்கொள்ளும். பார்வைக்குப் பெற்றோல் கோளாறு போலவே இருக்கும். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது பற்றறி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ற் வரை காட்ட வேண்டும். 12.5க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் கோளாறு சார்ஜ் ஏறுவதில்தான், காபரேற்றரைத் தொடவே வேண்டாம்.

ஸ்பார்க் கோளாறு சூட்டில்தான் பிடிபடும். பொறி வருகிறதா என்று காட்டும் ஸ்பார்க் ரெஸ்ரரைப் பக்கத்திலேயே வைத்திருந்து, நின்றவுடன் மாட்டி, வெட்டுக்கத்தியை நிறுத்தி, பிரேக்கை அழுத்தி எஞ்சினைச் சுழலவிடுங்கள். பொறியை உண்டாக்கும் கொயில் கெட்டிருந்தாலும், ஆறியபின் நல்ல கொயில் போலவே பொறி விடும். பொறி இல்லையென்றால், எஞ்சினை நிறுத்துவதற்காகக் கொயிலில் மாட்டியிருக்கும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டுத் திரும்பச் சுழற்றுங்கள். இப்போது பொறி வந்தால் கொயில் நல்லது. இருக்கைச் சுவிட்ச் (ஓட்டுபவர் இருக்கையை விட்டெழுந்தால் எஞ்சினை நிறுத்துவது), சாவி, அவற்றுக்கான வயர்கள் ஆகியவற்றில் எங்கோ கோளாறு. சோதித்ததும் வயரை மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சாவியால் எஞ்சினை அணைக்க முடியாது. இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் பெரும்பாலும் கொயில்களும் இரண்டு. ஒன்று கெட்டால் எஞ்சின் பலமிழந்து ஓடும். இரண்டும் ஒரே நொடியில் சாவது மிக அரிது என்பதால், சட்டென்று நிற்கும் இரட்டைச் சிலிண்டரில் முதல் சந்தேகம் எஞ்சினை நிறுத்தும் அந்த வயர்மீதுதான்.

கொயில் சூட்டில் சாவதற்கு மேலுறைக்குள் அடைந்த புல்லும் காரணமாகலாம். காற்றாடியின் உறையைக் கழற்றி, சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகளுக்கிடையில் சிக்கியதை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுக்க வேண்டும். புதுக் கொயில் போட்டாலும் அந்தப் புல் அங்கேயே இருந்தால் அதுவும் நிலைக்காது. எஞ்சினோடு சுழலும் சக்கரமான பிளைவீலின் காந்தத்துக்கும் கொயிலுக்கும் இடைவெளி பல பிரிக்ஸ் அன்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்களில் 0.25 முதல் 0.35 மில்லிமீற்றர், உங்கள் மாடலின் கைநூலைப் பார்த்து வையுங்கள்.

இருக்கைச் சுவிட்சுக்கு வயரால் குறுக்கிணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள் சிலர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சரிவில் ஓட்டுபவர் சறுக்கி விழுந்தாலும் கத்தி சுழன்றுகொண்டே இருக்கும். சுவிட்ச் மலிவு, மாற்றுவதும் எளிது.

கராஜுக்குத்தான் கொடுக்க வேண்டுமென்றால், எத்தனை நிமிடத்தில் நின்றது, சட்டென்றா திணறியா, மூடியைத் தளர்த்தியதும் ஸ்டார்ட் ஆனதா என்பவற்றை எழுதிக் கொடுங்கள். அவர்கள் கைக்குப் போகும்போது எஞ்சின் ஆறிப்போய் நன்றாகவே ஓடும்.

வாசகர்,
ஒன்ராறியோ