மீட்டர் எங்கள் வீட்டில் இல்லை

ஐயா,

மின்வாரியத்தில் 31 ஆண்டுகள் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, ஆணியில் மாட்டியிருக்கும் வெள்ளை அட்டையில் யூனிட்டை எழுதிக் கொடுத்த கை இது. கேட்டைத் திறக்கும்போதே பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், ஐந்நூறு தாண்டிவிட்டதா?" 500 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கணக்கு, தாண்டினால் வேறு கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது தெரியும். ஏனென்றால் மீட்டர் அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது.

இணையத்துக்கும் அப்படி ஒரு மீட்டர் ஓடுகிறது, ஆனால் அது நிறுவனத்திடம் இருக்கிறது. பிப்ரவரி 1ஆம் தேதி இரவு எங்கள் வீட்டு இணையம் படுத்துவிட்டது. என் மனைவி பார்த்துக்கொண்டிருந்த தொடரில் மாமியார் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். திரையில் வட்டம் மட்டும் சுற்றியது. மோடத்தில் எல்லா விளக்கும் பச்சையாகவே எரிந்தன. சேவை மையத்தில் இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் பேசினார். "உங்களுடைய நியாயமான பயன்பாட்டு அளவு, அதாவது முழு வேகத்தில் மாதத்துக்குக் கிடைக்கும் அளவு, முடிந்துவிட்டது, சார். 10ஆம் தேதி வரை 2 எம்பிபிஎஸ் வேகம்தான் கிடைக்கும்."

நாங்கள் வாங்கியிருப்பது 'வரம்பற்ற' திட்டம். துண்டறிக்கையில் அந்தச் சொல் கட்டைவிரல் அளவுக்கு இருக்கிறது. அதன் அடியில், நட்சத்திரக் குறி போட்டு, என் கண்ணாடிக்கும் எட்டாத எழுத்தில் மாதத்துக்கு 3,300 ஜிபி என்று அச்சடித்திருக்கிறார்கள்.

தவறு எங்கள் பக்கமும் உண்டு. என் மகன் கல்யாண வீடியோ எடுப்பவன். மூன்று கேமராவில் பதிவானது ஒரு கல்யாணத்துக்கு ஏறக்குறைய 400 ஜிபி வரும். அதைத் திருச்சியில் எடிட்டிங் செய்பவருக்கு இரவில் அனுப்புவான். தை பிறந்ததும் ஏழு முகூர்த்தம். அனுப்புவதும் கணக்கில் சேரும் என்பது எங்களுக்குத் தெரியாது. வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வணிக இணைப்புக்கு மாறச் சொன்னால் மாறுகிறோம். ஆனால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

பழக்க தோஷம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் விற்கும் 100 எம்பிபிஎஸ் வேகத்தை முழுதாகப் பயன்படுத்தினால் 3,300 ஜிபி 73 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். முப்பது நாளுக்குப் பணம் வாங்கிவிட்டு, சொன்ன வேகத்தில் மூன்று நாளுக்குத்தான் சரக்கு வைத்திருக்கிறார்கள். வேகம் 2 எம்பிபிஎஸ் ஆன பிறகு ஒரே ஒரு கல்யாணத்தை அனுப்பப் பதினெட்டு நாள் பிடிக்கும். மகன் ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றி திருச்சி பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்து அனுப்பினான். மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

நிறுவனத்தின் சங்கடம் புரியாதவன் அல்ல நான். இணையம் வரும் ஒரு ஃபைபர் இழையைப் பிரித்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ கொடுக்கிறார்கள். அத்தனை பேருக்குமாகச் சேர்த்து வருவது சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஒருவருக்கும் நூறு வராது. தெருவில் எல்லா வீட்டிலும் ஒன்றாக ஏசியைப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நெரிசல் இரவு எட்டு மணிக்கு. என் மகன் அனுப்புவது இரண்டு மணிக்கு, ஊரே தூங்கும்போது. மாத மொத்தத்தை மட்டும் பார்த்து ஆளைப் பிடிப்பது என்ன கணக்கு? முன்பு பிஎஸ்என்எல் திட்டம் ஒன்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இணையத்திலிருந்து இறக்குவது கணக்கிலேயே சேராது. மகன் கல்லூரியில் படித்தபோது அதற்காக அலாரம் வைத்து எழுந்திருக்கிறான்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இலேயே, பயன்பாடு 50, 90, 100 சதவீதத்தைத் தொடும்போதெல்லாம் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் வரவில்லையே என்று விசாரித்தால், எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கிறது, இணைப்புக் கொடுத்த முகவரின் கைபேசிக்கு! விண்ணப்பத்தில் அவர் தன் எண்ணையே எழுதிவிட்டிருக்கிறார். எங்கள் தெருவில் இன்னும் ஆறு வீட்டுக்கு இதே கதை.

வரம்பு வைக்கட்டும். வேகத்தை அச்சடிக்கும் அதே எழுத்தில் அதையும் அச்சடிக்கட்டும். 'வரம்பற்ற' என்ற சொல்லை எடுத்துவிடட்டும். நள்ளிரவுப் பயன்பாட்டைத் தனியாகக் கணக்கிடட்டும். இணைப்புக் கொடுக்கும் அன்றே வாடிக்கையாளரின் எண்ணைச் சரிபார்க்கட்டும்.

முகவரிடம் சண்டை போட்டு எண்ணை மாற்றிவிட்டேன். புதிய மாதக் கணக்கு 10ஆம் தேதி தொடங்கியது. 19ஆம் தேதி முதல் குறுஞ்செய்தி வந்தது: 50 சதவீதம். மாசியில் இன்னும் நான்கு கல்யாணம் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர்,
மன்னார்குடி