பேங்குக்கு விவாகரத்து தெரியாது

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள விஜி,

உன் கடிதம் கிடைத்தது. பரஸ்பர சம்மத மனு புதுச்சேரி கோர்ட்டில் போட்டாயிற்று, ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். "வீட்டு லோனை அவரே கட்டுவதாக மனுவிலேயே எழுதியாச்சு, இனிமேல் எனக்குக் கவலை இல்லை" என்றும் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். செம்மண்டலத்து வீட்டு லோனில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் கட்டுவதாகத்தான் எங்கள் தீர்ப்பிலும் இருந்தது. இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்துவிட்டு, மகள் படிப்புக்கு லோன் கேட்டுப் போனால் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க பேர்ல நாலு டியூ நிக்குதே" என்கிறார். எனக்கு ஒரு எஸ்.எம்.எஸ். கூட வந்ததில்லை. லோனில் இருந்தது அவருடைய போன் நம்பர்.

ஜட்ஜ் முன்னால் நின்றது நானும் அவரும் மட்டும்தானே விஜி? பேங்க் அங்கே வரவே இல்லை. நமக்குள் யார் கட்டுவது என்று எழுதிக்கொண்டது பேங்கைக் கட்டுப்படுத்தாது. அவர் தவறினால் முழுப் பாக்கியையும் என்னிடமே கேட்கலாம். தீர்ப்பைக் காட்டி அவர்மேல் நான் வழக்குப் போடலாம்தான். அது முடிவதற்குள், நாம் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பேங்குகள் பார்க்கிற சிபில் ஸ்கோர் தரைக்கு வந்துவிடும்.

அதனால் ஒன்று, வீட்டை விற்று லோனை அடைக்க வேண்டும். இல்லையென்றால் அவர் பெயருக்கு மட்டும் லோனை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு அவர் சம்பளம் தனியாகவே தாங்குமா என்று பார்ப்பார்கள். உன் பெயரை எடுத்தே தீர வேண்டும் என்று பேங்குக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. உன்னை விடுவித்துவிட்டதாக பேங்க் எழுதிக்கொடுக்கும் கடிதம் கைக்கு வராமல் அந்த இரண்டாவது கையெழுத்தைப் போடாதே. உன் பேச்சுக்கு அவர் காது கொடுப்பது அதுவரைக்கும்தான். நடுவில் ஒரு மாதம் அவர் கட்டாமல் விட்டால் ரோஷம் பார்க்காமல் நீயே கட்டிவிட்டு ரசீதை வக்கீலிடம் கொடு. நான் ரோஷம் பார்த்தவள்.

இந்த வாரமே உன் கடன் விவரம் எல்லாம் இருக்கும் ரிப்போர்ட்டை எடு. சிபில் என்று பொதுவாகச் சொன்னாலும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று கம்பெனிகள் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை நான்கு பேரும் முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கி விதி. நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. எடுத்தபோதுதான், கொழுந்தனார் கார் லோனுக்கு என்றோ போட்ட ஜாமீன் கையெழுத்து எனக்கு ஞாபகம் வந்தது. தாலியைக் கழற்றினாலும் ஜாமீன் கழலவில்லை! தப்பாக ஏதாவது ஏறியிருந்தால் புகார் கொடு. 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தரவேண்டும்.

நகையை மறந்துவிடாதே. உன் அம்மா போட்ட ஆறு சவரன் யார் பெயரில் அடகு இருக்கிறது? அவர் பெயரில் என்றால், நீ பணத்தோடு போய் நின்றாலும் நகையை அவர் கையில்தான் கொடுப்பார்கள். ஜாயின்ட் அக்கவுண்டில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இருந்தால் அதையும் மாற்று. அவர் கிரெடிட் கார்டில் உனக்கென்று வாங்கிய துணைக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

உன் பெயரில் மட்டும் தனியாக இதுவரை எந்தக் கடனும் இல்லை என்று பெருமைப்பட்டுக்கொள்வாயே, அது இப்போது உதவாது. வாங்கிக் கட்டியவர்களைத்தான் அவர்கள் நம்புகிறார்கள். கொஞ்சம் டெபாசிட் போட்டு அதன்மேல் ஒரு கார்டு வாங்கினேன். மளிகைக்கு மட்டும் தேய்த்து மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறேன். ஸ்கோர் 300-லிருந்து 900 வரை போகும். 610-இல் கிடந்தது இப்போது 730-க்கு வந்திருக்கிறது. மெதுவாகத்தான் ஏறுகிறது.

சனிக்கிழமை பஸ் ஏறி வா. லோன் சாங்ஷன் லெட்டர், அடகு ரசீது, மனுவின் ஜெராக்ஸ் மூன்றையும் எடுத்து வா. இங்கே ஓல்டு டவுனில் சங்கரா மீன் நன்றாக வருகிறது, குழம்பு வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உன்,
மீனா