நரம்பு ஒட்டு பற்றிய செய்தியில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான, ஆய்வகத்தில் உருவாக்கப்படும் நரம்பு ஒட்டுகளை (அறுந்த நரம்பின் இரு முனைகளுக்கு இடையே வைத்துத் தைக்கும் துண்டுகளை)ப் பற்றிய செய்தியை ஆர்வத்துடன் படித்தேன். கை, கால் நரம்புகள் காயமுற்றவர்களுக்கு நெடுங்காலமாகப் பயிற்சி அளித்துவரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில், அதிகம் பேசப்படாத இந்தத் துறைக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியமைக்கு நன்றி கூறுகிறேன். ஆனால், ஒட்டு வைத்து நிரப்பப்பட்ட இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்பதோ, சோதனை நடந்தது எலியிலா மனிதரிலா என்பதோ அச்செய்தியில் இல்லை. இவை சிறிய விடுபடல்களாகத் தோன்றலாம். நரம்பு அறுந்த ஒருவர் அதைப் படிக்கும்போது என்ன நேர்கிறது என்பதைக் கண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

நரம்பை மின்கம்பியாகக் கருதும் எண்ணம் பலரிடம் இருக்கிறது. முனைகளை இணைத்துவிட்டால் ஓட்டம் திரும்பிவிடும் என்று நம்புகிறார்கள். உண்மையில், நரம்பு அறுந்ததும் அந்த இடத்துக்கு அப்பாலுள்ள இழைகள் முழுவதும் சிதைந்து மறைந்துவிடுகின்றன. ஆங்கிலேய உடலியலாளர் அகஸ்டஸ் வாலர் 1850இல் தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை வெட்டிப் பார்த்து விவரித்த நிகழ்வு இது. அங்கே மிஞ்சுபவை, அந்த இழைகளைப் போர்த்தியிருந்த ஷ்வான் செல்கள். அவை இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை அமைக்கும் தம் வழக்கமான வேலையைக் கைவிட்டு, சிதைவுகளை அகற்றி, வரிசையாக நீண்டு நின்று, வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, புதிய இழைகளுக்கு வழித்தடமாகின்றன. அந்தத் தடத்தைப் பற்றிக்கொண்டு, மேல்முனையிலிருந்து புதிய இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் முளைத்துச் செல்ல வேண்டும்.

இரு முனைகளுக்கும் இடையே கணிசமான இடைவெளி இருந்தால், இழுத்துத் தைப்பது தீங்காகவே முடியும். இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, தையலில் தழும்பு தடிக்கும். இறுக்கமில்லாமல் ஒட்டு வைத்து இணைக்கும் முறையை வியன்னாவின் அறுவை மருத்துவர் ஹன்னோ மில்லேசி நிலைநாட்டியது முதல், நோயாளியின் கெண்டைக்காலிலிருந்து சூரல் என்ற உணர்வு நரம்பை எடுத்து வைப்பதே நம்பகமான வழியாக இருந்துவருகிறது. அதற்கு விலையும் உண்டு. பாதத்தின் வெளிப்புறம் மரத்துப்போகும். சிலருக்கு எடுத்த இடத்தில் வலி தங்கிவிடும். எடுக்கக்கூடிய நரம்பின் நீளத்துக்கும் எல்லை இருக்கிறது. ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு நரம்பைப் பலிகொடுக்காமல் இருக்க முடியுமா என்பதுதான் ஆய்வகத்தில் உடல் திசுக்களை உருவாக்க முயலும் திசுப் பொறியாளர்களை இத்துறைக்கு இழுத்த கேள்வி. மிக நியாயமான கேள்வி.

அவர்களின் முதல் விடை வெற்றுக் குழாய். அதன் இரு வாய்களிலும் நரம்பு முனைகளைச் செருகினால், உள்ளே ஊறும் திரவத்திலிருந்து ஃபைப்ரின் என்ற, இரத்தம் உறையும்போது உருவாகும் புரதத்தின் இழை ஒன்று பாலம்போல உருவாகி, அதன்மீது ஷ்வான் செல்கள் ஊர்ந்து செல்கின்றன. எலியின் சியாட்டிக் நரம்பில் (இடுப்பிலிருந்து காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு), 10 மில்லிமீட்டர் இடைவெளியைக் கடக்க சிலிகோன் குழாய் உதவியது. 15 மில்லிமீட்டராக நீட்டியதும் பாலம் அமையாமல் போயிற்று. கொலாஜன் என்ற புரதத்தாலான, உடலில் கரையும் குழாய்கள் பின்னர் மனிதர்களுக்கும் பயன்பாட்டுக்கு வந்தன. ஆயினும் பொதுவாக 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட இடைவெளிகளுக்கே, அதிலும் பெரும்பாலும் விரல்களுக்குச் செல்லும் மெல்லிய உணர்வு நரம்புகளுக்கே, அவை பொருந்துகின்றன.

அடுத்த படியாக, இறந்த கொடையாளரின் நரம்பிலிருந்து செல்களைக் கழுவி நீக்கி, சட்டகத்தை மட்டும் வைத்துத் தைக்கிறார்கள். செல்கள் இல்லாததால் நோயாளிக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவையில்லை. ஆனால், வழிகாட்டும் ஷ்வான் செல்களும் அதில் இல்லை. இரு முனைகளிலிருந்தும் அவை உள்ளே குடியேற வேண்டும், நீண்ட ஒட்டில் நடுவழியிலேயே அவை மூப்படைந்து ஓய்ந்துவிடுகின்றன. செல்களை நீக்காத கொடை நரம்புகளையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அறுவை மருத்துவர் சூசன் மக்கின்னன் குழுவினர் 7 நோயாளிகளுக்கு அவற்றை வைத்த அனுபவத்தை 2001இல் வெளியிட்டனர். ஒருவருக்கு ஒட்டு நிராகரிக்கப்பட்டது, மற்றவர்களுக்கு உணர்வு திரும்பியது. அதற்காக அவர்கள் எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்துகளை நெடுநாள் உட்கொள்ள வேண்டியிருந்தது.

ஆகவே இன்றைய ஆய்வின் மையம், சட்டகத்துக்குள் உயிருள்ள செல்களைச் சீராக அடுக்கி வைப்பது. நோயாளியின் சொந்த ஷ்வான் செல்களை எடுக்க வேண்டுமென்றால் மறுபடியும் ஒரு நரம்புத் துண்டு வேண்டும், வளர்த்துப் பெருக்க வாரங்கள் ஆகும். அதனால்தான், வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் பரிசோதிக்கப்படுகின்றன. தடித்த ஒட்டின் நடுப்பகுதிக்கு இரத்தம் எட்டாமல் செல்கள் மடிவது இன்னொரு தடை. வளர்ச்சிக் காரணியை அள்ளிக் கொடுத்தாலும் கெடுதலே: அது மிகுதியாக இருக்கும் இடத்திலேயே இழைகள் சுருண்டு தங்கி, இலக்கை மறந்துவிடுகின்றன. இனிப்புக் கடையை விட்டு நகர மறுக்கும் குழந்தை என்று ஆய்வாளர்கள் இதைச் சொல்வதுண்டு. இத்தனை சிக்கல்களையும் விடாமல் அவிழ்த்துவருபவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அவர்களின் உழைப்புக்கு ஆதரவு பெருக வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் அந்த ஆய்வு முடியும்வரை தசை காத்திருக்காது. நரம்பிழந்த தசை மெலிந்து, ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்களுக்குள், புதிய இழை வந்து சேர்ந்தாலும் ஏற்றுக்கொள்ள முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. முழங்கையருகே அறுந்த நரம்பு உள்ளங்கைத் தசைகளை அடைய 30 சென்டிமீட்டர் செல்ல வேண்டுமென்றால், அறுவை உடனே நடந்தாலும் பத்து மாதங்கள் பிடிக்கும். அக்குளருகே அறுந்தால், கணக்குத் தொடங்கும்போதே காலம் போதவில்லை. எலிக்கோ இந்த நெருக்கடி இல்லை. அதன் கால் முழுவதும் சில சென்டிமீட்டர்தான், இழைகளும் நம்முடையதைவிட விரைவாக வளர்கின்றன. எலியில் கிடைத்த வெற்றியை மனிதக் கைக்கு அப்படியே நீட்டிப் பேச முடியாததற்கு இதுவே காரணம்.

என்னிடம் வந்த ஒருவருக்கு முழங்கைக்குக் கீழே கண்ணாடி கிழித்திருந்தது. முதலில் பார்த்த இடத்தில் தோலை மட்டும் தைத்து அனுப்பியிருந்தார்கள். பின்னர் நரம்பு அறுந்திருப்பது தெரியவந்து, காலிலிருந்து ஒட்டு எடுக்கலாம் என்று சொல்லப்பட்டபோது, செயற்கை நரம்பு விரைவில் வரப்போகிறது என்று எங்கோ படித்ததை நம்பி, நல்ல காலையும் ஏன் வெட்ட வேண்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். அவரை நான் பார்த்தபோது பதினான்கு மாதங்கள் கடந்திருந்தன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றிக் குழிந்திருந்தது. அறுவை மருத்துவர் தசைநாண்களை இடம்மாற்றி வைத்ததால் அவரால் இப்போது சாவியைப் பிடிக்க முடிகிறது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அவர் படித்தது பொய்ச் செய்தி என்று நான் சொல்லமாட்டேன். அளவும் காலமும் சொல்லப்படாத செய்தி.

இத்தகைய ஆய்வுகளை வெளியிடும் ஒவ்வொரு முறையும், எந்த உயிரில், எத்தனை மில்லிமீட்டர் இடைவெளியில், எத்தனை மாதங்கள் கவனித்துப் பெற்ற முடிவு என்பதைச் செய்தியின் முதல் பத்தியிலேயே குறிப்பிடுமாறு வேண்டுகிறேன். கூடவே ஒரு வரி சேர்த்தால் இன்னும் நன்று: வெட்டுக் காயத்துக்குப் பிறகு விரலோ பாதமோ மரத்துப்போயிருந்தால், அல்லது அசையாமல் போனால், தோல் ஆறும்வரை பொறுத்திராமல் நரம்பு அறுவையில் தேர்ந்த மருத்துவரிடம் சில நாள்களுக்குள் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்