ஹோப்பி மக்கள் ஓடுவது மழைக்காக

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான ஹோப்பி இனத்தைச் சேர்ந்த ஒலிம்பிக் வீரர் லூயிஸ் தெவானிமா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் அவர் வெள்ளி வாங்கியதும், அதன்பின் 1964 வரை வேறு எந்த அமெரிக்கரும் அந்த ஓட்டத்தில் ஒலிம்பிக் பதக்கம் வாங்காததும், அந்த ஆண்டு தங்கம் வாங்கிய பில்லி மில்ஸும் ஒரு பழங்குடியினர் என்பதும் நன்றாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் இந்த ஓட்டத்துக்கெல்லாம் காரணம் பிறவியிலேயே அமைந்த உடல்வாகு என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹோப்பி மக்கள் வாழ்வது அரிசோனாவின் வடகிழக்கில், உச்சி தட்டையான மூன்று குன்றுகளை ஒட்டி. வற்றாத ஆறு கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 10 அங்குல மழை. அந்த மணலில் குழிக்கம்பால் ஆழமாகத் துளைத்து, ஈரம் தட்டும் இடத்தில் ஒரே குழிக்குள் பத்துப் பன்னிரண்டு மக்காச்சோள விதைகளைப் போடுகிறார்கள். பாசனம் இல்லாமல் அது முளைத்து, கொத்தாக எழுந்து நிற்கிறது. வயல்கள் ஊரிலிருந்து பல மைல் தள்ளி இருந்ததால் அந்தக் காலத்தில் ஓடித்தான் போவார்கள், ஓடித்தான் வருவார்கள்.

அப்புறம் சடங்கு ஓட்டங்கள். ஆகஸ்டு மாதச் சடங்கு ஒன்றில், விடியற்காலையில் சமவெளியிலிருந்து கிளம்பிக் குன்றின் செங்குத்தான பாதையேறி ஊருக்குள் ஓடிவருவார்கள். முதலில் வருபவருக்குச் சுரைக்குடுவையில் புனித நீர் கொடுப்பார்கள். அதை அவர் தன் வயலுக்குக் கொண்டுபோவார். ஓடி வருகிறவர்களோடு மேகமும் ஊருக்கு வரும் என்பது நம்பிக்கை. மழை பெய்தால் கடைசியாக வந்தவர் வயலிலும்தான் பெய்யும். அதனால் இந்த ஓட்டத்தில் தோற்றவர் என்று யாரையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெவானிமா இந்தக் குன்றுகளில் ஓடி வளர்ந்தவர். 1907-இல் அமெரிக்க அரசு அவரைப் பிடித்துப் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளிக்கு அனுப்பியது. பழங்குடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழியைப் பேசவிடாமல் தடுத்த பள்ளி அது. அங்கிருந்துதான் அவர் இரண்டு ஒலிம்பிக்குகளுக்குப் போனார். 1912-க்குப் பிறகு ஊருக்குத் திரும்பி ஆடு மேய்த்தார், மக்காச்சோளம் போட்டார், சடங்குகளில் தன் பங்கைச் செய்தார். 1969-இல் ஒரு சடங்கு முடிந்து இரவில் வீடு திரும்பும்போது பாறை விளிம்பிலிருந்து விழுந்து இறந்தார். பதக்கத்துக்குப் பிந்தைய இந்த ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான வாழ்க்கைக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

இது பழங்கதையும் அல்ல. ஹோப்பி உயர்நிலைப் பள்ளியின் ஆண்கள் அணி 1990 முதல் 2016 வரை தொடர்ந்து 27 ஆண்டுகள் மாநிலத் தொலைதூர ஓட்டப் பட்டத்தை வென்றது. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது 2006 மார்ச்சில் நடந்ததை. 1970-இலிருந்து பீபாடி என்ற நிலக்கரி நிறுவனம் அந்தப் பகுதியின் கருப்பு மேசா என்ற மேட்டுநிலத்தில் வெட்டிய நிலக்கரியைப் பொடித்து, தண்ணீரில் கலந்து, சுமார் 440 கிலோமீட்டர் குழாய் வழியாக நெவாடா மின்நிலையத்துக்கு அனுப்பிவந்தது. அதற்காக நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கும் மேல் நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டது. சடங்குகளுக்கு நீர் எடுக்கும் ஊற்றுகளே வற்றுகின்றன என்று ஹோப்பி மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2005 கடைசியில் மின்நிலையம் மூடப்பட, அந்தக் குழாய் நின்றது. அடுத்த மார்ச்சில் அவர்களுடைய ஓட்டக்காரர்கள் சுரைக்குடுவையில் நீரோடு கிளம்பி, மாற்றி மாற்றி ஓடி, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தாண்டி மெக்சிகோ நகரில் கூடிய உலக நீர் மாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீருக்காகப் பேசப் போனவர்கள், முன்னோர் மழையை அழைத்த வழியிலேயே போனார்கள்.

இந்த ஓட்டத்தைப் பற்றி உங்கள் இதழ் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதை விளையாட்டுப் பக்கத்தில் போடாதீர்கள். தண்ணீர், விவசாயம் பற்றி எழுதும் பக்கங்களில் போடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்,
விருதுநகர்